கூகுள் ஃபார்மில் ஒன்று, திண்ணையில் ஒன்று: எந்தப் பதிலை நம்புவது?

கேள்வி இதுதான். பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாசகசாலை இளைஞர்கள் தங்கள் ஊரில் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்திருக்கிறார்கள். கேட்டது மூன்று விஷயம்: குடிநீர் ஒழுங்காக வருகிறதா, வீட்டில் குடிப்பழக்கம் உண்டா, தாய்மொழி எது. முதலில் கூகுள் ஃபார்ம் ஒன்று செய்து ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளோடு வீடு வீடாகப் போனார்கள். ஃபார்மில் தண்ணீரைப் பற்றிக் குறை குவிந்திருக்கிறது. நேரில் பெரும்பாலானவர்கள் "பரவாயில்லைங்க" என்று முடித்துவிட்டார்கள். குடிப்பழக்கம் உண்டு என்று ஃபார்மில் சொன்னவர்கள் கணிசம்; நேரில் அநேகமாக யாரும் இல்லை. மொழியிலும் கணக்கு இடிக்கிறது. இரண்டில் எது உண்மை, எதைத் தூக்கிப் போடுவது என்று கேட்கிறார்கள்.

எதையும் தூக்கிப் போட வேண்டாம். கிழக்குப் பாலக்காட்டின் இந்த ஊர்களில், வேலந்தாவளத்திலிருந்து மீனாட்சிபுரம் வரைக்கும், பல வருடங்கள் கணக்கெடுப்புத் தாளோடு வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். அந்த அனுபவத்தையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

இரண்டு கணிப்பும் வேறு வேறு பதில் தருகிறது என்றால் அதற்குள் இரண்டு காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, பதில் சொன்ன ஆட்களே வேறு. இன்னொன்று, ஒரே ஆளாக இருந்தாலும் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும்போதும் கைபேசியில் தனியாகத் தட்டும்போதும் சொல்வது வேறாகிவிடுகிறது. இந்த இரண்டையும் பிரிக்காமல் எது உண்மை என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. முதலில் ஆட்களைப் பார்ப்போம்.

உங்கள் ஃபார்ம் யார் கையில் போய்ச் சேர்ந்தது? வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர் கையில். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் தாங்களே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்தவர்கள் 54 சதவீதம். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் பெண்களில் 33 சதவீதம், ஆண்களில் 57 சதவீதம். கேரளத்தில் பெண்களின் அளவு இதைவிட நன்றாகவே உயர்வு, இப்போது இன்னும் கூடியிருக்கும். ஆனாலும் நம் ஊரில் யார் விடுபட்டுப் போவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் பாட்டி, கூலி வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறவர்கள், மகனிடம் மட்டும் ஸ்மார்ட்போன் இருக்கும் வீடு. அப்படிப்பட்ட வீட்டில் மகன் பொள்ளாச்சி பஸ்ஸில் உட்கார்ந்து ஃபார்மை நிரப்பியிருப்பான். தண்ணீர் பிடிப்பது அவன் இல்லை. விடியற்காலையில் குடத்தோடு நிற்பவள் அவன் அம்மா.

நம் எல்லைப் பகுதிக்கே உரிய இன்னொரு தடையும் உண்டு, எழுத்து. இங்கே தமிழ் பேசுகிறவர்கள் எல்லோரும் தமிழ் படிப்பவர்கள் இல்லை. மலையாள மீடியத்தில் படித்த பிள்ளைகள் வீட்டில் நல்ல தமிழ் பேசுவார்கள், எழுத்து மலையாளம்தான் சரளமாக வரும். அவர்களுடைய தாத்தாவுக்குத் தமிழ் மட்டும் படிக்கத் தெரியும். கன்னடமோ தெலுங்கோ வீட்டில் பேசி, எந்த எழுத்திலும் அதிகம் புழங்காத குடும்பங்களும் உண்டு. நேரில் போகிறவர் பேச்சில் கேட்கிறார், அதனால் இவர்கள் எல்லோரிடமும் போய்ச் சேர்கிறார். ஃபார்ம் எழுத்தில் கேட்கிறது. எந்த எழுத்தில் அடித்தீர்களோ அந்த எழுத்துக்காரர்கள்தான் நிரப்பியிருப்பார்கள். தாய்மொழி எது என்ற கேள்வியை மலையாளத்தில் மட்டும் அடித்த ஃபார்மில் கேட்டிருந்தால், பதில் வருவதற்கு முன்பே பாதி முடிவாகிவிட்டது. உங்கள் ஃபார்ம் எந்த மொழியில் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை, முதலில் அதைப் பாருங்கள்.

எண்ணிக்கை அதிகமாக வந்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். தீராது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதை வைத்து, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்கு வாங்கினார். லாண்டனுக்குக் கிடைத்தது 48 மாநிலங்களில் இரண்டே இரண்டு. முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதாரம் படுத்துக் கிடந்த அந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார்? அது மட்டுமில்லை, சீட்டு வந்தவர்களிலும் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்கள் ஒரு தனி ரகம். கோபம் இருப்பவன் மெனக்கெடுவான். உங்கள் ஃபார்மில் தண்ணீர்க் குறை குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். லாரித் தண்ணீர் வராத வாரத்தில் அந்த இணைப்பைப் பார்த்தவர் உடனே திறந்திருப்பார், வந்த வீட்டுக்காரர் அடுத்த செய்திக்குப் போயிருப்பார்.

யார் வேண்டுமானாலும் நிரப்பலாம் என்று விடும் ஃபார்மில் விளையாட்டுக்கு நிரப்புகிறவர்களும் வருவார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2022-ல் இப்படிப்பட்ட ஒரு இணையக் கணிப்பில் ஒரு சோதனைக் கேள்வி வைத்தது: அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உங்களுக்கு உரிமம் உண்டா? 30 வயதுக்கு உட்பட்டவர்களில் 12 சதவீதம் பேர் உண்டு என்றார்கள். நாட்டில் அப்படி உரிமம் உள்ளவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். படிக்காமலே "ஆம், ஆம்" என்று விரலை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரு கணிப்பை எப்படிக் கெடுப்பார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நான் பார்த்ததில்லை. முக்கியமாக, அரிதான ஒரு விஷயத்தைக் கேட்கும்போதுதான் சேதம் அதிகம். ஊரில் நூற்றுக்கு இரண்டு பேர் செய்கிற காரியத்தைக் கேட்கிறீர்கள் என்றால், விளையாட்டுக்கு "ஆம்" போட்ட ஐந்து பேர் உண்மையான இரண்டு பேரை மூடிவிடுவார்கள்.

இதைச் சொல்வதால் இணையக் கணிப்பே உதவாது என்று அர்த்தம் இல்லை. 2012 அமெரிக்கத் தேர்தலின்போது எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். அதில் 93 சதவீதம் ஆண்கள், பெரும்பாலும் இளைஞர்கள். அப்படியே எடுத்தால் ஒன்றுக்கும் ஆகாத தரவு. ஆனால் வயது, பாலினம், படிப்பு, கட்சிச் சார்பு எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்ததால், பிரிவு பிரிவாகப் பிரித்து, நாட்டில் எந்தப் பிரிவு எவ்வளவோ அந்த அளவுக்கு எடை கொடுத்துக் கணக்கிட்டபோது, முறையான கணிப்புகளுக்குச் சமமான விடை வந்தது. அதனால்தான் சொல்கிறேன், பெயர் வேண்டாம், ஆனால் வயது, ஆணா பெண்ணா, எந்த வார்டு, எதுவரை படிப்பு என்ற நான்கையும் கட்டாயம் கேளுங்கள். அது இல்லாத ஃபார்மை எந்தக் கணக்குக்காரராலும் காப்பாற்ற முடியாது.

சரி, இனி இரண்டாவது காரணம். என் மனசுக்கு நெருக்கமான பகுதி இதுதான்.

ஒருமுறை வடகரப்பதிப் பக்கம் குடிநீர் பற்றிக் கேட்கப் போயிருந்தேன். கோடை. வழி காட்டுகிறேன் என்று வார்டு மெம்பரும் கூடவே வந்துவிட்டார். நல்ல மனிதர், உதவி செய்யத்தான் வந்தார். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். வயதான அம்மா உள்ளே போய் இரண்டு கிளாஸ் கட்டஞ்சாயா, அதாவது பால் சேர்க்காத டீ, கொண்டுவந்து வைத்தார்.

"தண்ணி வருதுங்களா அம்மா?"

"வருதுங்க தம்பி. ஒண்ணும் கொறையில்லீங்க. மெம்பருதான் எல்லாம் பாத்துக்கறாரு."

தாளில் "திருப்தி" என்று குறித்தேன். அப்புறம் மெம்பருக்கு ஒரு போன் வந்து அவர் வேலிப் பக்கம் நகர்ந்தார். அந்த அம்மா சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் காட்டினார். லாரி வந்த நாளை எல்லாம் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார். அந்த மாதத் தாளில் வட்டங்கள் வெகு தூரம் தள்ளித் தள்ளி இருந்தன. "இதுல பாருங்க கண்ணு" என்று மட்டும் சொன்னார், அதுவும் மெல்லிய குரலில். நான் குறித்த "திருப்தி" பொய்யா என்றால், பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டுக்கு வந்தவர் முகம் கோணக் கூடாது, நாளைக்கு அதே மெம்பரிடம்தான் போய் நிற்க வேண்டும். அந்த இடத்துக்கு அதுதான் சரியான பதில். ஆனால் தண்ணீரைப் பற்றிய பதில் அது இல்லை.

வார்டு மெம்பர் இல்லாவிட்டாலும் இது நடக்கும். எதிரே ஒரு மனிதர் இருந்தாலே போதும். பியூ ஆய்வு மையம் 2015-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. ஏற்கெனவே தங்களிடம் இருந்த ஒரே குழுவிலிருந்து சுமார் 3,000 பேரை எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியிடம் தொலைபேசியில் ஆள் வைத்துக் கேட்டார்கள். இன்னொரு பாதி அதே 60 கேள்விகளுக்கு இணையத்தில் பதில் சொன்னார்கள். ஆட்கள் ஒரே ரகம், ஆக வித்தியாசம் வந்தால் அது கேட்ட விதத்தால்தான். சராசரியாக 5.5 சதவீதப் புள்ளி வித்தியாசம் வந்தது. பெரும்பாலான கேள்விகளில் சிறிய வித்தியாசம்தான். ஆனால் "குடும்ப வாழ்க்கையில் மிகவும் திருப்தி" என்றவர்கள் தொலைபேசியில் 62 சதவீதம், இணையத்தில் 44 சதவீதம். குரல் மட்டும் கேட்கிற, முகம் தெரியாத ஒருவரிடமே இவ்வளவு என்றால், கட்டஞ்சாயா கொடுத்து உட்கார வைத்தவரிடம் எப்படி இருக்கும்!

இதில் எது உண்மைக்கு அருகில் என்று சோதிக்க ஒரு வழி உண்டு, உண்மையான பதிவேடு கையில் இருக்க வேண்டும். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்களை வைத்து அப்படி ஓர் ஆய்வு செய்து 2008-ல் வெளியிட்டார்கள். மதிப்பெண், தேர்ச்சி பெறாத பாடம் போன்றவற்றைக் கேட்டுப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். மனிதர் தொலைபேசியில் கேட்டபோது மறைத்தவர்கள் அதிகம். இணையத்தில் உள்ளதை ஒப்புக்கொண்டவர்கள் அதிகம். அதே போல 1998-ல் அமெரிக்க வாலிபர்களிடம் நடந்த ஒரு சோதனையில், ஆணோடு உறவு உண்டா என்ற கேள்விக்குக் காகிதத்தில் நிரப்பியவர்களில் 1.5 சதவீதம் உண்டு என்றார்கள். காதில் ஹெட்போனில் கேள்வியைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தாங்களே பதில் போட்டவர்களில் 5.5 சதவீதம். கூச்சம், அவமானம், சட்டப் பயம் உள்ள விஷயத்தில் மனித முகம் இல்லாத வழியே உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. குடிப்பழக்கம் பற்றி உங்கள் ஃபார்மில் வந்ததை நேரில் வந்ததைவிட நான் அதிகம் நம்புவதற்கு இதுதான் காரணம். நேரில் கேட்கப் போனது யார்? அதே ஊர்ப் பிள்ளைகள். "எங்க வீட்ல அவரு குடிப்பாருங்க" என்று அடுத்த தெருப் பையனிடம் எந்த அக்கா சொல்வார்?

திண்ணை என்பதே தனிமை இல்லாத இடம். நான் கேள்வியை ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து தூணில் சாய்ந்துகொள்வார். மாமியார் உள்ளேயிருந்து மருமகளுக்குப் பதில் எடுத்துக் கொடுப்பார். தேசியக் குடும்பநல ஆய்வில் குடும்ப வன்முறைக் கேள்விகளை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம், தனிமை கிடைத்தால் மட்டுமே கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும் என்று வைத்திருப்பது சும்மா இல்லை. கேட்பவருக்குத் தவறான பதில் வரும் என்பது ஒரு பக்கம். சொன்ன பெண்ணுக்கு அன்று இரவு அடி விழலாம் என்பது அதைவிடப் பெரிய பக்கம்.

ஆனால் கைபேசி என்றாலும் தனிமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்கு ஒரே போன் இருந்தால் மனைவி நிரப்பியதைக் கணவர் பார்க்கலாம். ஃபார்மில் மின்னஞ்சலைக் கேட்டிருந்தாலோ, ஊர்க்காரர்தான் அட்மின் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தாலோ, கூச்சம் அங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நேரில் போவது ஜெயிக்கிற இடங்களும் இருக்கின்றன, அவை சின்ன இடங்கள் இல்லை. அந்த நாள்காட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். "கடந்த மாதம் எத்தனை நாள் தண்ணீர் வந்தது?" என்று ஃபார்ம் கேட்டால், ஆளுக்கு நினைவில் வந்த ஒரு எண்ணைத் தட்டிவிடுவார்கள். எழுந்துபோய்ச் சுவரைப் பார்க்க மாட்டார்கள். நேரில் போனவர் நாள்காட்டியைப் பார்க்கலாம், குடங்களை எண்ணலாம், கிணற்றை எட்டிப் பார்க்கலாம். குடும்பநல ஆய்வில் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டீர்களா என்று கேட்பதோடு நிறுத்தாமல் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது இதற்காகத்தான். கூச்சம் இல்லாத சம்பவத்தை, எண்ணிக்கையைக் கேட்பதற்கு நேரில் போவதே மேல். கூச்சமான விஷயத்தையோ, எப்படி உணர்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள் என்றோ கேட்டால்தான் முகம் தடையாகிறது.

கேள்வி புரியாத இடத்திலும் அப்படித்தான். "மது அருந்தும் பழக்கம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் கள் போகிறது. இங்கே கள் இறக்குவது தொழில், கள் குடிப்பதை மது என்று கணக்கில் சேர்க்காதவர்கள் நிறைய. "மதுவெல்லாம் இல்லீங்க, சாயங்காலம் ஷாப்புல ஒரு குப்பி கள்ளு, அவ்ளோதான்" என்று என்னிடம் ஒருவர் மனசாரச் சொன்னார். ஃபார்மில் அவர் "இல்லை" என்று போட்டுவிட்டுப் போயிருப்பார், அதில் பொய்யும் இல்லை. எதிரே ஆள் இருந்தால் "கள்ளுங்களா, பிராந்திங்களா?" என்று அடுத்த கேள்வி கேட்கலாம். ஆக உங்கள் குடிப்பழக்கக் கேள்வியில் கூச்சம் ஒரு பக்கம் இழுக்கிறது, சொல்லின் அர்த்தம் இன்னொரு பக்கம் இழுக்கிறது. ஃபார்ம் எண்ணை நான் அதிகம் நம்புகிறேன் என்றேன். அதுவும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும்.

காதால் கேட்பதும் கண்ணால் படிப்பதும் வேறு என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து விருப்பங்களை வாசித்துக் காட்டினால் கடைசியில் கேட்டதுதான் மனதில் நிற்கும், அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் கூடுவார்கள். அதே பட்டியலைத் திரையில் காட்டினால் முதலில் இருப்பதைத் தொட்டுவிட்டு நகர்வார்கள். கூகுள் ஃபார்மில் விருப்பங்களை ஆளுக்கு ஆள் மாற்றிக் கலைத்துக் காட்டும் வசதி உண்டு, அதைப் போட்டிருக்க வேண்டும். "தெரியாது" என்ற விருப்பம் திரையில் தெரிந்தால் பலர் அதைத் தொடுவார்கள். நேரில் நீங்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அதை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள், ஏதோ ஒன்றைச் சொல்லிவைப்பார்கள்.

அடுத்து மொழி. எல்லையில் வாழ்கிற நமக்கு இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. பள்ளியில் தமிழ் டிவிஷன், அதாவது தமிழ்வழி வகுப்பு, நடக்குமா, அரசு அறிவிப்பு தமிழிலும் வருமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த எண்ணிக்கையைத்தான் எடுத்துப் பேசுகிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம், மாநில மக்கள்தொகையில் 1.5 சதவீதம். "சொன்னவர்கள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அதைச் சரிபார்த்து, ஒழுங்குபடுத்தி, தொகுத்து 121 மொழிகளாக்கினார்கள். தாய்மொழி என்பது கணக்கெடுப்பில் வேரிலேயே "யார் என்ன சொன்னார்" என்பதுதான்.

கணக்கெடுப்பு விதிப்படி தாய்மொழி என்றால் சிறுவயதில் அம்மா அந்த ஆளிடம் பேசிய மொழி. நடைமுறையில் வாசலில் என்ன நடக்கிறது என்று பார்த்தவன் நான். கேட்பவர் மலையாளத்தில் "மாத்ருபாஷ ஏதா?" என்கிறார். வீட்டுக்காரருக்கு மலையாளமும் தண்ணீர் பட்ட பாடு. மரியாதைக்கு மலையாளத்திலேயே பதில் சொல்ல ஆரம்பிக்கிறார், அந்தப் பேச்சின் ஓட்டத்தில் "மலையாளம்" என்றே வந்துவிடுகிறது. சிலர் ரேஷன் கார்டு, பிள்ளையின் வேலை என்று ஏதோ ஒரு கணக்குப் போட்டு அப்படிச் சொல்வதும் உண்டு. அதே வீட்டில் நான் போய்த் தமிழில் கேட்டபோது தமிழ் என்றார்கள். அப்போது உள்ளேயிருந்து ஆத்தா பேரனைத் தெலுங்கில் கூப்பிட்டது காதில் விழுந்தது. என் தமிழும் அந்த வீட்டுப் பதிலைத் தன் பக்கம் இழுத்துத்தான் இருக்கிறது. இதை நான் ஒப்புக்கொள்ளாமல் மலையாளத்தில் கேட்டவரை மட்டும் குறை சொன்னால் நியாயம் இல்லை.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மக்கள் தாங்களே இணையத்தில் விவரம் பதியும் வசதி உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். நம் பகுதியைப் பொறுத்தவரை இது பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன். எதிரே யாரும் இல்லாமல், தன் எழுத்தில் படித்து, தாய்மொழிக் கட்டத்தை ஒருவர் தானே நிரப்பும்போது என்ன எழுதுவார்? வாசலில் சொல்வதும் திரையில் பதிவதும் ஒரே ஊரில் வேறு வேறாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அப்போது 2011-ஐயும் 2027-ஐயும் பக்கத்தில் வைத்துத் "தமிழர் கூடிவிட்டார்கள்" என்றோ "குறைந்துவிட்டார்கள்" என்றோ சொல்வதற்கு முன்னால், எத்தனை பேர் எந்த வழியில் பதில் சொன்னார்கள் என்று கேளுங்கள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் தரவை என்ன செய்வது? முதலில் இரண்டு கணிப்பிலிருந்தும் ஒரே மாதிரி ஆட்களை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள், ஒரே வார்டு என்று. அவர்களுக்குள் தண்ணீர்ப் பதில் நெருங்கி வந்தால், வித்தியாசம் ஆட்களால் வந்தது. அப்போதும் விலகியே நின்றால், கேட்ட விதத்தால் வந்தது என்று சந்தேகிக்க இடம் உண்டு. முழுசாக நிரூபணம் இல்லை, ஏனென்றால் ஃபார்ம் நிரப்பும் நாற்பது வயதுப் பெண்ணும் நிரப்பாத நாற்பது வயதுப் பெண்ணும் வேறு ஏதோ விதத்தில் மாறுபட்டிருக்கலாம்.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் இன்னொரு சுற்று போக வேண்டும். அப்போது ஒரே ஆளிடம் இரண்டு வழியிலும் கேட்டு ஒப்பிடலாமே என்று தோன்றும், அதைச் செய்யாதீர்கள். 1999–2000-ல் மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு குடும்பச் செலவுக் கணக்கில் இந்த மாதிரி ஒரு சிக்கலில் மாட்டியது. உணவுச் செலவை ஒரே வீட்டில் கடந்த 7 நாளுக்கும் கடந்த 30 நாளுக்கும் சேர்த்தே கேட்டார்கள். முதலில் சொன்னதோடு ஒத்துப்போகும்படி இரண்டாவது பதில் வளைந்திருக்கும் என்று பொருளாதார அறிஞர்கள் பலர் சுட்டிக்காட்டினார்கள். அந்தச் சுற்றை வைத்து, வறுமை 1993–94-ல் இருந்த 36 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாகக் குறைந்தது என்று வந்த கணக்கை முன்பு எடுத்த சுற்றோடு ஒப்பிடலாமா கூடாதா என்று வருடக்கணக்கில் வாதம் நடந்தது. அதனால் வீடுகளைக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரியுங்கள். எல்லா வீட்டுக்கும் நீங்களே போங்கள். ஒரு பாதியில் நீங்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாதியில் தாளையும் ஒரு கவரையும் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், அவர்களே நிரப்பி ஒட்டிக் கொடுக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு இயர்போனில் பதிவு செய்த கேள்வியைப் போட்டுவிட்டு, தாளில் படம் பார்த்து டிக் அடிக்கச் சொல்லலாம். தேர்தலுக்குப் பிந்தைய ஆய்வுகளில் லோக்நீதி என்ற ஆய்வு அமைப்பினர், அசல் போன்ற ஒரு வாக்குச்சீட்டும் ஒரு பெட்டியும் கையோடு கொண்டுபோய், யாருக்கு ஓட்டு என்பதை மட்டும் வாயால் கேட்காமல் சீட்டில் குறித்துப் போடச் சொல்வது இதே யோசனைதான். எனக்கு மிகவும் பிடித்த முறையும் அது. ஆள் நேரில் இருக்கிறார், ரகசியமும் இருக்கிறது.

குடிப்பழக்கக் கேள்விக்கு மட்டும் இன்னொரு வழி சொல்கிறேன். 1965-ல் ஸ்டான்லி வார்னர் என்பவர் தந்த யோசனையிலிருந்து வளர்ந்தது. ஒரு நாணயத்தைக் கொடுத்து, உங்களுக்குக் காட்டாமல் சுண்டச் சொல்லுங்கள். தலை விழுந்தால் எதுவானாலும் "ஆம்" சொல்ல வேண்டும், பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒருவர் "ஆம்" என்றால் அது நாணயம் சொன்னதா அவர் சொன்னதா என்று உங்களுக்குத் தெரியாது, ஊருக்கும் தெரியாது. ஆனால் மொத்தக் கணக்கு தெரியும். 100 பேரில் 65 பேர் "ஆம்" என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 50 பேர் தலை விழுந்ததால் சொன்னவர்கள். மீதி 50 பேரில் 15 பேர் உண்மையாகவே "ஆம்", அதாவது 30 சதவீதம். முன்கூட்டி உங்களுக்குள்ளேயே நாலு தடவை விளையாடிப் பாருங்கள், விளக்கிச் சொல்லப் பழக்கம் வேண்டும். 100 பேர் போதாது, 300 பேராவது இருந்தால் எண் கொஞ்சம் நிலைக்கும். கேள்வியில் "மது" என்று விடாமல் "கள், பீர், பிராந்தி எதுவானாலும்" என்று போடுங்கள்.

தண்ணீர்க் கேள்விக்கு மெம்பரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். திருப்தியா என்று கேட்பதை விட்டுவிட்டு, நாள்காட்டி இருந்தால் பார்க்கலாமா என்று கேளுங்கள். மொழிக் கேள்விக்குத் தமிழில் ஒரு தாள், மலையாளத்தில் ஒரு தாள் என்று இரண்டையும் அடித்துக்கொண்டு போய், இரண்டையும் திண்ணையில் வைத்துவிட்டு அவர்களையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தத் தாளை எடுத்தார்கள் என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள்.